ஏழு கிணறு

சனிக்கிழமை. குச்சவெளிப் பாடசாலையில்
சுற்றுவது ஒரே ஒரு மின்விசிறி, அதற்கும் முனகல்.
பதினான்கு ஆசிரியர்கள்
பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில்
முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருக்கிறார்கள்.
நான் வலயத்திலிருந்து வந்தவள்.
கொண்டுவந்தது
உடைந்த ஒலிபெருக்கிகளில் கழற்றிய ஏழு காந்தம்,
ஒரு கட்டு லஞ்ச் சீற்,
புல்மோட்டைக் கரையில் அள்ளிய ஒரு வாளி மணல்.

‘குறிப்பு எப்ப தருவீங்க?’ என்றார் கோணேஸ்வரி டீச்சர்
பேனை மூடியைக் கழற்றியபடி.
‘இண்டைக்குக் குறிப்பு இல்ல.’
மூடி திரும்பப் பூட்டுப்பட்ட சத்தம்
முன்வரிசை தாண்டியும் கேட்டது.

இரண்டிரண்டு பேராய்க் குனிந்தார்கள்.
சீற்றில் பொதிந்த காந்தத்தை
மணலுக்குள் விட்டு எடுத்தார்கள்.
கறுப்பு எழுந்து வந்தது,
மயிர் சிலிர்த்துக்கொண்டு,
பூனையின் முதுகை எதிர்ப்பக்கம் தடவினாற்போல.
காந்தத்தை உருவியதும்
சரசரவென்று மேசையில் விழுந்தது.

தவசீலன் சேர் கொஞ்சநேரம் பேசவில்லை.
‘இருபத்திரண்டு வருசமா எழுதிப் போடுறன்,
காந்தம் இரும்பைக் கவரும் எண்டு.
கையில பிடிச்சதில்ல.’
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு அவரே,
‘ஸ்கொலசிப்புக்கு இது வருமோ?’
அதற்குச் சிரித்தார்கள். நானும்.
அந்தக் கேள்வியைத் தூக்க
என்னிடம் காந்தம் இல்லை.

கிண்ணியாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த
முபீதா டீச்சர் மட்டும்
ஒட்டாமல் மிஞ்சியதைக் கிளறிக்கொண்டிருந்தார்.
உள்ளங்கையில் பரப்பி, யன்னல் வெளிச்சத்தில் சரித்து,
‘இதுவும் கறுப்புத்தானே. இது ஏன் வருகுதில்ல?’

மற்றப் பதின்மூன்று முகமும் என் பக்கம்.
எனக்குள் ஒரு பதில் எழும்பியது, அரைவாசி,
எங்கோ படித்தது, வெறும் பெயர்களாலானது.
சொல்லியிருக்கலாம்.
சொன்னால் அந்தக் கை மூடிக்கொள்ளும்,
மணல் வாளிக்குப் போகும்,
எல்லாரும் தேநீருக்கு எழும்புவார்கள்.
‘தெரியாது’ என்றேன்.
அதைச் சொல்லவா வலயம் சம்பளம் தருகிறது?
‘என்ன செய்து பார்க்கலாம்?’

இரண்டு காந்தத்தை ஒன்றாய் அடுக்கினார்கள்.
இன்னும் கொஞ்சம் வந்தது.
இன்னும் கொஞ்சம் வரவில்லை.
கோணேஸ்வரி டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
ஒரு மணிக்கு மேலே உருப்பெருக்கியாய்ப் பிடித்தார்.
தேநீர் ஆறி ஆடை படிந்தது.

கலையும் நேரம் ஒன்று மட்டும் சொன்னேன்:
கேள்வி கேட்டபின் ஏழு எண்ணும்வரை வாய் திறவாதீர்கள்.
‘அவ்வளவு நேரத்தில
கன்னியா ஏழு கிணத்திலயும் குளிச்சிட்டு வரலாமே’
என்றார் தவசீலன் சேர், சைக்கிள் பூட்டைத் திறந்தபடி.

மூன்று கிழமை கழித்துக் கிண்ணியா. தரம் நான்கு.
முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒரு காந்தம்,
சிரட்டை சிரட்டையாய் மணல்.
‘ஈர மண்ணில காந்தம் வேலை செய்யாது டீச்சர்’
என்று ஒருவன் அடித்துச் சொன்னான்.
முபீதா டீச்சரின் தொண்டை அசைந்ததைக் கண்டேன்.
பிழை என்ற சொல்
அங்கே வந்து நின்றிருந்தது.
‘எப்படிக் கண்டுபிடிப்பம்?’ என்று மட்டும் கேட்டு
உதட்டை உள்ளே மடித்துக்கொண்டார்.

பின்வாங்கிலிருந்து நான் எண்ணினேன்.
முதல் கிணறு, இளஞ்சூடு.
இரண்டாவது.
மூன்றாவதில் கால் வைக்கு முன்
தண்ணீர்ப் போத்தலோடு ஒருத்தி ஓடிவந்தாள்.
நான்கில் ஒரே இரைச்சல்.
ஐந்தில் அதிபர் கதவோரம் எட்டிப் பார்த்துப் போனார்.

காந்தம் வெளியே வந்தது
கறுப்பு, பழுப்பு, சேறு, சிப்பித்துண்டு எல்லாவற்றோடும்.
‘எல்லாமே ஒட்டுது!’
‘அது காந்தத்தில இல்ல, தண்ணியில ஒட்டுது!’
‘அப்ப காஞ்சா?’
‘காஞ்சாப் பாப்பம்!’
சீற்றை வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு
பாதி வகுப்பு வெளியே போய்விட்டது.
டீச்சர் என்னைப் பார்த்தார்.
நான் யன்னலைப் பார்த்தேன்.

மேற்பார்வைப் படிவத்தில் கடைசி வரி:
பாடத்தின் நோக்கம் நிறைவேறியதா, ஆம், இல்லை.
யாரோ ஓடும்போது சிந்தியது,
இரண்டு பெட்டிக்கும் நடுவில்
கொஞ்சம் ஈர மணல்.